செங்காரியின் தொட்டியில் கப்பி மீன்கள்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வளவில், கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே, அப்பப்பா கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளளவில் ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இரண்டடி ஆழமும் கொண்ட, சுண்ணக்கல்லால் கட்டிச் சீமெந்து பூசிய தொட்டி அது. அதில் செங்காரி என்னும் பசுவும் அதன் நாகும் (இன்னும் ஈனாத இளம் பசு) தண்ணீர் குடிக்கின்றன. 2023 செப்டெம்பரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்குப் பரிசோதனைக்கு வந்தபோது, ஒரு வெள்ளைக் கோப்பையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, அதற்குள் நெளிந்த நுளம்புக் குடம்பிகளை அம்மாவுக்குக் காட்டினார். வாரம் ஒரு முறை தொட்டியை வடித்து உரஞ்சிக் கழுவுங்கள், முடியாவிட்டால் மீன் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அறுநூறு லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரை வாரந்தோறும் வெளியே விட எனக்கு மனம் வரவில்லை. மீன் விடுவதென்று அன்றே முடிவு செய்தேன்.

டெங்கு நுளம்பு மட்டுமே என் கவலையாக இருக்கவில்லை. கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் முட்டையிடும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் மலேரியா நுளம்பு 2016 இன் இறுதியில் மன்னாரில் முதன்முறையாக அறியப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. மலேரியா அற்ற நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் வழங்கியதும் அதே 2016 இல்தான். வீட்டுக்கு வீடு கிணறும் தொட்டியும் உள்ள எங்கள் ஊரில் இதை நான் சிறிய விடயமாக எண்ணவில்லை.

மீன் விடுவதற்கு முன் தொட்டியைத் திருத்த வேண்டியிருந்தது. கிழக்குப் பக்கச் சுவரில் ஒரு வெடிப்பு ஓடியிருந்ததால், பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு உட்புறம் முழுவதும் புதிதாகச் சீமெந்து பூசினோம். பூச்சு இறுகிய பிறகு தண்ணீரை நிரப்பி, மறுநாள் காலையில் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீஎச் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். தாள் கடும் நீலமாக மாறியது. பெறுமானம் 11 ஐத் தாண்டியிருந்தது. புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள். அந்தத் தண்ணீரில் எந்த மீனும் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது; மாட்டின் வாய்க்கும் அது நல்லதல்ல. ஆகவே அந்த நாட்களில் மாடுகளுக்கு வாளியிலேயே தண்ணீர் வைத்தோம்.

இந்தச் சுண்ணாம்பை வெளியேற்ற ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி வாழைக்குற்றிதான். குலை வெட்டிய கதலி வாழைகளின் குற்றிகளை ஒரு சாண் துண்டுகளாக நறுக்கித் தொட்டி நிறையப் போட்டு, தண்ணீரை விட்டு ஆறு நாட்கள் ஊற வைத்தேன். குற்றி அழுகும்போது உண்டாகும் காபனீரொட்சைட்டும் அமிலங்களும் கரைந்த சுண்ணாம்பைப் பிடித்து வெண்படிவாக மாற்றிவிடுகின்றன. நாற்றம் பலமாக இருந்தாலும் வேலை நடந்தது. குற்றிகளை அள்ளி எருக்கும்பியில் போட்டுவிட்டு, சுவரைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி, மறுபடியும் தண்ணீர் நிரப்பி, மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றினேன். மூன்றாவது கிழமை முடிவில் தாள் 8.2 அளவில் நின்றது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்து அளந்தாலும் அதே 8.2 தான் காட்டியது. அதற்குக் கீழே கொண்டுவர நான் முயலவில்லை. சுண்ணக்கல் பாறையில் நிற்கும் தண்ணீரைக் கிணற்றிலிருந்து எடுத்து, சுண்ணக்கல் சுவருக்குள் வைத்துக்கொண்டு, அதைச் சுண்ணாம்பு குறைந்த மென்னீராக மாற்ற முயல்வது வீண் வேலை. தண்ணீருக்கேற்ற மீனைத் தேடுவதே சரியான வழி.

அப்படித் தேடியபோது கப்பி, மொலி என்னும் சிறு அலங்கார மீன்கள்தான் பொருந்தி வந்தன. இரண்டும் சுண்ணாம்பு மிகுந்த வன்னீரில் செழிப்பவை. மொலி சிறிது உவர்நீரையும் தாங்கும். இரண்டும் முட்டையிடாமல் குஞ்சு ஈனுபவை ஆதலால் தனியாக இனப்பெருக்க ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் குடிநீர்த் தொட்டிகளில் தங்கமீன் விடும் வழக்கம் இருப்பதை அறிந்து, நானும் ஆசையோடு நான்கு தங்கமீன்கள் வாங்கிச் சேர்த்தேன். அவை குளிர்ந்த தண்ணீரை விரும்புபவை. போதாததற்கு அடிமண்டியை ஓயாமல் கிளறின. தொட்டி கலங்கியபடியே இருந்தது. கலங்கிய தண்ணீரைச் செங்காரி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. மாடு குடிக்க மறுக்கும் தண்ணீரில் எந்த மீனையும் வைத்திருப்பதில்லை என்பது அன்று எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. தங்கமீன்களைக் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இருபது கப்பிகளையும் ஆறு கறுப்பு மொலிகளையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இருந்த பயம் வேறு. “தம்பி, மாடு தண்ணியோட சேர்த்து மீனையும் குடிச்சுப்போடாதோ?” என்று கேட்டார். முதல் இரண்டு நாட்கள் நானும் அதையே நினைத்துக்கொண்டு தொட்டியடியில் நின்றேன். மாடு உதடுகளைச் சிறிது திறந்து, மேல்தண்ணீரை மெதுவாக உறிஞ்சிக் குடிக்கிறது. அதன் மூக்கின் நிழல் தண்ணீரில் விழுந்ததுமே கப்பிகள் மறுமுனைக்குப் பாய்ந்துவிடுகின்றன. ஆனாலும் அன்று பிறந்த குஞ்சுகள் மேற்பரப்பில் நிற்கும் என்பதால், மேற்கு மூலையில் மூன்று சீமெந்துக் கற்களை அடுக்கி, அவற்றின் மேல் உடைந்த ஓடுகளைச் சாய்த்து வைத்து, மாட்டின் வாய் எட்டாத ஓர் ஒதுக்கிடம் அமைத்தேன். குஞ்சுகளில் பெரும்பகுதி அங்கேயே வளர்கின்றன.

இனி, என் கணக்கில் இந்தத் தொட்டியின் அடிப்படை எது என்பதைச் சொல்ல வேண்டும். தண்ணீரை ஒன்றரை அடி உயரத்துக்கு நிறுத்தினால் தொட்டி ஏறக்குறைய 640 லீற்றர் கொள்ளும். ஒரு கிழமை முழுவதும் மாடுகள் குடித்து இறங்கிய அளவை 12 லீற்றர் வாளியால் அளந்து நிரப்பிப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஆறு முதல் ஏழு வாளிகள், அதாவது 75 லீற்றர் அளவு, தேவைப்பட்டது. கறவைப் பசு ஒரு லீற்றர் பாலுக்கு மூன்று நான்கு லீற்றர் தண்ணீர் குடிக்கும் என்பதோடு இது ஒத்துப்போகிறது. ஆகவே நாள்தோறும் தொட்டியில் எட்டில் ஒரு பங்கு புதிதாக மாறுகிறது. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர் குழாயும் வாளியுமாக வாரக்கடைசியில் செய்வதைச் செங்காரி தினமும் செய்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெயிலில் ஆவியாகும் தண்ணீர் தன் உப்புகளைத் தொட்டியிலேயே விட்டுச் செல்கிறது. குறைந்த அளவை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் ஏற்கெனவே வன்மையான நீர் மேலும் வன்மையாகும். மாடு குடிக்கும் தண்ணீரோ உப்பையும், மீன் கழிவிலிருந்து உருவாகும் நைத்திரேற்றையும் கூடவே வெளியே கொண்டுபோகிறது. வெங்காயத்துக்கும் வாழைக்கும் போடும் உரத்தால் எங்கள் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று முன்னமே இருப்பதால், அது தொட்டிக்குள் தேங்காமல் பார்த்துக்கொள்வது மீனுக்கு மட்டுமன்றி மாட்டுக்கும் அவசியம்.

தண்ணீர் நிரப்பும் முறையிலும் ஒரு சிறிய மாற்றம் செய்தேன். கிணற்றின் ஆழத்திலிருந்து மோட்டர் இழுத்துத் தரும் தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவும் காபனீரொட்சைட்டு கூடுதலாகவும் இருக்கும். எனவே குழாயின் முனையில் துளையிட்ட பீ.வீ.சி. குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தி, தண்ணீர் இரண்டடி உயரத்திலிருந்து மழைபோல விழும்படி செய்தேன். நிரம்பி வழியும் வாய்க்கு நுண்கண் நைலோன் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். கப்பி நம் நாட்டு மீன் அல்ல; திரினிடாட், வெனிசுவேலா ஓடைகளுக்குரியது. அது வாய்க்கால் வழியே குளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் உள்ளூர்ச் சிறுமீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

2024 ஏப்ரலில், நிழல் இல்லாத ஒரு நாள், பகல் இரண்டு மணிக்கு வெப்பமானி 36 பாகை செல்சியஸ் காட்டியது. கப்பிகள் ஒதுக்கிடத்தின் அடியில் அசையாமல் நின்றன. மறுநாளே நான்கு பூவரசங் கதிகால்களை நட்டு, தொட்டியின் மேற்குப் பாதியை மூடும்படி கிடுகு வேய்ந்தேன். அதன் பிறகு நண்பகலிலும் 32 ஐத் தாண்டவில்லை. முழுவதையும் மூடவில்லை. சிறிது வெயில் பட்டால்தான் சுவரில் பாசி படரும். அந்தப் பாசிதான் மொலிகளுக்கு உணவு. மீன்களுக்கென்று நான் தனியாக உணவு எதுவும் போடுவதில்லை. தவிடும் பிண்ணாக்கும் தின்ற வாயோடு செங்காரி தண்ணீர் குடிக்கும்போது உதிர்வது அவற்றுக்குப் போதும். சில நாட்களில் அதுவே கூடிவிடுகிறது. ஆகவே தீவனப் பெட்டியைத் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி வைத்தேன். அவ்வளவு தூரம் நடந்து வருவதற்குள் மாட்டின் வாயில் உள்ளது பெரும்பாலும் உள்ளே போய்விடுகிறது.

குடம்பிகளைப் பொறுத்தவரை, மீன் விட்ட நான்காம் நாளே தண்ணீரில் ஒன்றும் இல்லை. அதன் பின் மாதம் இருமுறை வெள்ளைக் கோப்பையால் மொண்டு பார்த்து வருகிறேன். இடையில் மீன்கள் இல்லாதிருந்த நாட்களைத் தவிர ஒருமுறையும் குடம்பியைக் காணவில்லை.

மீன்கள் இல்லாமற்போன அந்த நாட்களுக்குக் காரணம் நான் செய்த பிழை. 2024 ஜூலையில் செங்காரியின் காதடியிலும் மடியிலும் உண்ணி மிகுந்திருந்தது. கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி, முதுகு நெடுக ஊற்றும் பைரெத்ரொயிட் வகை மருந்தை வாங்கி, சிறு கிண்ணத்தால் அளந்து ஊற்றினேன். மருந்தை ஊற்றி முடித்ததும் அந்தக் கிண்ணத்தைக் கிட்ட இருந்த தொட்டித் தண்ணீரில் அலசினேன். கையில் எப்போதும் இருந்த பழக்கம் அது. ஒரு மணித்தியாலத்துக்குள் கப்பிகள் பக்கவாட்டில் சாய்ந்து சுழலத் தொடங்கின. பொழுதுபடுமுன் நூற்றுக்கு மேற்பட்ட மீன்களை வலையால் அள்ள வேண்டியதாயிற்று. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கிண்ணத்தில் ஒட்டியிருந்தது சில துளிகளுக்கு மேல் இராது. இந்த வகை மருந்துகள் பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை. மாட்டின் ஈரல் அவற்றை விரைவாகச் சிதைத்துவிடும். மீனின் உடலால் அப்படிச் செய்ய முடியாது, அதன் பூக்களோ (செவுள்கள்) தண்ணீரில் உள்ளதை நேரே இரத்தத்துக்குள் இழுத்துவிடும். ஒரு லீற்றரில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை அவை. போத்தலின் விபரத்தாளில் மீனுக்கு நஞ்சு என்று அச்சிட்டிருந்தார்கள். அதை நான் வாசித்தது அன்றிரவுதான்.

துப்புரவு செய்ததும் எளிதாக இருக்கவில்லை. எங்கள் நிலத்தில் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் இருப்பதால், மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக காலம் எடுக்காது. தொட்டித் தண்ணீரைக் கிணற்றடியில் விடாமல், வளவின் எல்லைப் பனைகளுக்கு அப்பால் மண் ஆழமாக உள்ள இடத்துக்கு வாளி வாளியாகச் சுமந்து பரவலாக ஊற்றினேன். இந்த மருந்து தண்ணீரில் நிற்பதைவிட மண்ணிலும் மண்டியிலும் இறுக ஒட்டிக்கொள்ளும் என்பதால், அடிமண்டியை வழித்து எடுத்து அங்கேயே புதைத்தேன். சுவரின் பாசியையும் முழுமையாகச் சுரண்டினேன். தொட்டியை ஒரு கிழமை வெயிலில் காயவிட்டு, இருமுறை நிரப்பி வடித்த பிறகு, மூன்றாம் முறை நிரப்பிய தண்ணீரில் ஒரு சிறிய வலைக்கூட்டில் இரண்டு கப்பிகளை மட்டும் மூன்று நாட்கள் வைத்துப் பார்த்தேன். அவை நன்றாக இருந்ததைக் கண்ட பிறகே மற்றவற்றை விட்டேன். இப்போது உண்ணி மருந்து போடும் நாளில் மாடுகளை வளவின் மறுபக்கத்தில் கட்டி, ஊற்றிய மருந்து தோலில் ஊறிக் காயும்வரை, குறைந்தது ஒரு நாள், அங்கேயே வாளியில் தண்ணீர் வைக்கிறேன். கிண்ணமும் கையும் தொட்டியருகே வருவதில்லை. குளம்புப் புண்ணுக்குப் பயன்படுத்தும் மயில்துத்தக் (செப்புச் சல்பேற்று) கரைசலுக்கும் இதே ஒழுங்குதான். பாசியை அழிக்கத் தொட்டியிலேயே அதைக் கரைக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். அது மீனைக் கொல்லும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் செம்மறியாடுகளுக்கும் செம்பு நஞ்சாகும்.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழையில் தொட்டி இரண்டு நாட்கள் நிரம்பி வழிந்தது. வலை தாங்கியது. வெள்ளம் வடிந்த பின் கிணற்றுக்குக் குளோரீன் இட்டார்கள். அது செய்யத்தான் வேண்டியது. அதற்கு முந்திய நாளே எனக்குத் தகவல் தெரிந்திருந்ததால், இரண்டு நீலப் பீப்பாய்களில் பழைய கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்து, நான்கு நாட்கள் அதையே தொட்டிக்கு விட்டேன். அதன் பின்பும் ஒரு கிழமை வரை, இறைத்த தண்ணீரைத் திறந்த பீப்பாயில் இரண்டு நாள் வெயிலில் வைத்த பின்னரே ஊற்றினேன்.

மாடு இல்லாவிட்டால் இந்தத் தொட்டி என்னவாகும் என்பதை 2025 மார்ச்சில் கண்டேன். அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்தது. பால் கறப்பவர் அவரே ஆதலால், செங்காரியையும் நாகையும் உரும்பிராயில் உள்ள அக்கா வீட்டுக்கு ஏழு கிழமைகளுக்கு அனுப்பினோம். மாடுகள் போனதும் தொட்டியில் வேலை குறைந்தது என்றே நான் எண்ணினேன். ஆவியான அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வந்தேன். இரண்டாம் கிழமையில் தண்ணீர் இளம்பச்சையானது. மூன்றாம் கிழமையில் கை விட்டால் முழங்கை தெரியவில்லை. ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போனபோது, மீன்கள் எல்லாம் மேற்பரப்பில் வாயை வைத்துத் தவித்துக்கொண்டிருந்தன.

பகலில் ஒட்சிசனை வெளியிடும் அந்தப் பச்சைப் பாசிதான் இரவில் அதை உட்கொள்கிறது. ஆகவே விடியுமுன் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைந்துவிடும். மாலையில் இன்னொரு ஆபத்து. பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்சிவிடுவதால் பீஎச் ஏறுகிறது. அன்று மாலை நான் அளந்தபோது 9.2 இருந்தது. மீன் கழிவில் வரும் அமோனியாவில் நஞ்சான பகுதி, 30 பாகை வெப்பத்தில், பீஎச் 7 ஆக இருக்கும்போது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, 8.2 இல் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்; 9.2 இல் பாதிக்கு மேல். மாடு குடித்துக்கொண்டிருந்தவரை இந்த அமோனியாவும் பாசியும் சேர நேரமே இருக்கவில்லை. அது நின்றதும் மூன்று கிழமைகள் போதுமாயின.

அன்று காலையே பாதித் தண்ணீரை வடித்தேன்; புதுத் தண்ணீரைத் துளைக்குழாய் வழியே மெதுவாக, மூன்று மணித்தியாலங்களில் நிரப்பினேன். பின்னர் செங்காரி திரும்பி வரும்வரை அதன் பங்கை நானே செய்தேன்: நாளொன்றுக்கு ஆறு வாளி தொட்டித் தண்ணீர் வாழைக்கு, ஆறு வாளி கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்கு. பத்து நாட்களில் அடித்தளம் தெரிந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த எட்டு வாழைகளுக்கும் அந்த முறை யூரியா போடவில்லை. குலைகள் மற்றவற்றுக்குச் சளைத்தவையாக இருக்கவில்லை.

செங்காரி இப்போது சினையாக இருக்கிறது. கன்று ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்கள் பால் வற்றியிருக்கும். அப்போது அது குடிக்கும் தண்ணீரும் குறையும். அதற்காகத் தொட்டியின் அடியிலிருந்து ஓரங்குல பீ.வீ.சி. குழாய் ஒன்றை எடுத்து, வலை கட்டி, வால்வு வைத்து, வாழைப் பாத்திக்கு வாய்க்கால் வெட்டி முடித்திருக்கிறேன். வால்வைக் கால்வாசி திறந்தால் ஆறு வாளித் தண்ணீர் போக இருபது நிமிடம் எடுக்கிறது.